மிஸ்டர் நாளைக்கு

பிரிஜெட் ஆல்ஸ்டன் வக்கீல் தொழிலில் இரண்டு கடை விரித்திருந்தாள். ஒரு கடையில் எலிப் புழுக்கை கிடந்த பேக்கரி, சரிந்து விழுந்த சாரம், ஆற்றில் கழிவைத் திறந்துவிட்ட தொழிற்சாலை என்று விதியை மீறியவர்கள்மேல் அரசுத் தரப்பில் வழக்காடுவாள். இன்னொரு கடையில், பிரிந்துபோன புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே பிள்ளை எந்த வீட்டில் தூங்குவது என்று வாதாடுவாள். காலையில் எலி, மத்தியானம் பிள்ளை. பிரெஸ்டன் நகரத்தில் அவளோடு ஒரே கூரையின் கீழ் தொழில் நடத்திய மற்ற வக்கீல்களெல்லாம் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள் என்று சொல்லி அலுத்துவிட்டார்கள். அவள் கேட்பதாக இல்லை.

"ரெண்டு இடத்துலயும் ஒரே ஆளுங்கதான் வர்றாங்க" என்பாள். "கெட்டவங்க ரொம்பக் கம்மி. அப்புறம் பண்ணிக்கலாம்னு விட்டவங்கதான் ஜாஸ்தி."

பிப்ரவரி மாதம் ஒரு காலையில் கிளார்க் கீத் அவள் அறைக்கு வந்தார். வக்கீல்களுக்கு வழக்குப் பிடித்துத் தருவதும், எந்த வழக்கு எவருக்கு என்று பிரித்துத் தருவதும் அவர் வேலை. பிரிஜெட் கறுப்பு அங்கியோடு முதல் நாள் வந்தபோதே அவர் அங்கே இருந்தார். இப்போதும் அவளை மிஸ் என்றுதான் கூப்பிடுவார், அவளுக்குத் தலை நரைத்த பிறகும்.

"மிஸ், ஒரு குடும்ப வழக்கு வந்திருக்கு. ஆளு நீங்கதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு."

"யாரு?"

"நெவில் மெட்காஃப்."

பிரிஜெட் டீக்கோப்பையைக் கீழே வைத்தாள். "எந்த மெட்காஃப்? டிராக்டர் மெட்காஃப்பா?"

"அவரேதான். மிஸ்டர் நாளைக்கு."

அந்தப் பெயரை வைத்தவளே பிரிஜெட்தான். மூன்று வருஷம் முன்பு நெவிலின் மாட்டுப் பண்ணையில் டிராக்டருக்குப் பின்னால் சுழலும் இரும்புத் தண்டில் வேலைக்காரர் ஒருவரின் கை மாட்டி, மூன்று விரல் போய்விட்டது. தண்டுக்கு மேலே போட வேண்டிய உறை புதிதாக வாங்கி, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் கொட்டகையில் கிடந்தது. நாளைக்கு மாட்டலாம் என்றிருந்தேன் என்று நெவில் விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் சொல்லியிருந்தான். பிரிஜெட் அரசுத் தரப்பில் எழுந்து நின்று, "இவருக்கு ஆபத்து தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரியும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். இவருடைய பண்ணையே நாளைக்கு என்ற சொல்லில்தான் நடக்கிறது" என்றாள். உள்ளூர்ப் பத்திரிகைக்காரனுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. மறுவாரம் தலைப்பே 'மிஸ்டர் நாளைக்கு'. நெவில் குற்றத்தை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினான். அபராதம் கட்டி முடிந்தது, பெயர் முடியவில்லை. மாட்டுச் சந்தையில் ஏலம் கூறுகிறவன்கூட, "என்ன நெவில், இன்னைக்கே வாங்கறியா, இல்ல நாளைக்கா?" என்று கேட்டு நாலு பேரைச் சிரிக்க வைப்பான்.

"இது சரிப்படுமா கீத்?"

"விசாரிச்சுட்டேன் மிஸ். பழைய கேஸ் முடிஞ்சுபோச்சு, ரகசியம் ஒண்ணும் இல்ல, அன்னைக்கு வழக்குப் போட்ட அரசுத் துறைக்கும் ஆட்சேபணை இல்ல. உங்க நாள் காலியா இருக்கு. வேற சாக்கு ஏதாவது இருந்தா சொல்லுங்க, எழுதிக்கறேன்."

சாக்கு ஏதும் இல்லை. டாக்சி நிறுத்தத்தில் முதலில் நிற்கிற வண்டி, ஏற வருகிறவனுடைய மூஞ்சியைப் பார்க்கக் கூடாது என்பதுதான் அந்த நாட்டு வக்கீல்களின் விதி. கையில் நேரம் இருந்து, தெரிந்த சட்டமாகவும் இருந்தால், வந்தவன் பிடிக்காதவன் என்பதற்காக மாட்டேன் என்று சொல்ல முடியாது. நல்ல விதிதான். ஆனால் அதை எழுதியவர்கள் யாரும், தாங்களே கிழித்துப் போட்ட ஆளைத் தாங்களே ஒட்ட வைக்க வேண்டி வரும் என்று யோசித்திருக்க மாட்டார்கள்.

நெவில் அடுத்த வாரம், வழக்குக் காகிதங்களைத் தயார் செய்து தரும் சொலிசிட்டரோடு வந்தான். தோள் அகலமான ஆள், கோட்டு மட்டும் யாருடையதோ மாதிரி இறுக்கமாக இருந்தது. உட்காரச் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் நின்றான்.

"மிஸ்டர் மெட்காஃப், உங்களுக்கு எதிரா ஒரு தடவை நின்னவ நான். உங்களுக்கு அதுல சங்கடம் இல்லையா?"

"அன்னைக்கு என்னை நார் நாரா கிழிச்சீங்க மேடம். என் வக்கீல் பக்கத்துல உக்காந்து மூக்கை நோண்டிக்கிட்டு இருந்தான். அப்பவே நினைச்சேன், கோர்ட்டுக்கு இன்னொரு தடவை வந்தா அந்தப் பொம்பளை வாயை நாம வாடகைக்கு எடுக்கணும்னு." அப்புறம்தான் உட்கார்ந்தான். "இன்னொண்ணும் இருக்கு. அந்தப் பேரு நீங்க வச்சது. என் பொண்ணை ஸ்கூல்ல மிஸ் நாளைக்குன்னு கூப்பிடறாங்க. வச்சவங்களே எடுத்தா நல்லாயிருக்கும்."

மகள் பெயர் எல்சி, எட்டு வயது. அம்மா கெர்ரியோடு லான்காஸ்டர் நகரத்தில் இருந்தாள். சனிக்கிழமை பகலில் மட்டும் பண்ணைக்கு வருவாள், சாயங்காலம் திரும்பிவிடுவாள். இரவும் தங்கவேண்டும் என்று நெவில் மனுப் போட்டிருந்தான். அவ்வளவுதான் வழக்கு. சொத்து இல்லை, சண்டை இல்லை. சனிக்கிழமை இரவு தன் மகள் தன் வீட்டில் தூங்கி எழ வேண்டும், அதுதான் அவனுக்கு வேண்டியது.

"பகல்ல வர்றா. ஆனா வர்றதும் போறதும்தான் மேடம். மோஸோட ரெண்டு சுத்து ஓடுவா, பந்து எறிவா, வண்டி வந்துடும். பேசறதுக்குள்ள போயிடறா." மோஸ் என்பது அவன் வளர்த்த கறுப்பு வெள்ளை நாய். எல்சி பிறந்த அதே வசந்தத்தில் வந்த குட்டி.

கெர்ரி ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் இருந்தது. விடிவதற்கு முன்பே நெவில் பால் கறக்கப் போய்விடுவான். வீட்டில் எல்சி தனியாகக் கண் விழிப்பாள். வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே சாணிக்குட்டை. மாட்டுச் சாணியும் மூத்திரமும் மழைத் தண்ணீரும் சேர்ந்து ஓராள் ஆழத்துக்கு மேல் நிற்கும் குட்டை. காய்ச்சின பாலில் போல மேலே ஏடு கட்டி, அந்த ஏட்டின்மேல் புல்லும் முளைத்துவிடும். தெரியாதவன் தரை என்று நினைத்துக் கால் வைப்பான். குழந்தைகள் நல அதிகாரி பண்ணைக்கு வந்து பார்த்துவிட்டு, குட்டையைச் சுற்றி வேலி போட்ட பிறகுதான் இரவு தங்கல் என்று அறிக்கை கொடுத்திருந்தார்.

"போட்டுடறேன்னு சொல்லுங்க" என்றான் நெவில். "மரம் எல்லாம் வந்து இறங்கியாச்சு."

வழக்கு ஒரு செவ்வாய்க்கிழமை லான்காஸ்டரில் வந்தது. குடும்ப நீதிமன்றத்தில் பாதி வழக்கு தாழ்வாரத்திலேயே முடிந்துவிடும். கட்சிக்காரர்கள் ஆளுக்கொரு சின்ன அறையில் உட்கார்ந்திருப்பார்கள். வக்கீல்கள் இரண்டு பேரும் நடுவில் நின்று பேசி, அறைக்கும் தாழ்வாரத்துக்கும் நடையாய் நடப்பார்கள். புருஷனும் பெண்டாட்டியும் நேராகப் பேசக் கூடாது என்று சட்டம் ஒன்றும் கிடையாது. ஆனால் பேசினால் நாலாவது வார்த்தையில் பழைய கதை வந்துவிடும் என்பது அனுபவம்.

கெர்ரியின் வக்கீல் ஜூலியன் பிரைஸ் பிரிஜெட்டுக்குப் பல வருஷப் பழக்கம். வந்ததும் அவள் கையிலிருந்த பிஸ்கட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டான்.

"பிரிஜெட், சண்டை போட எனக்குத் தெம்பு இல்ல. என் ஆளு ஒத்துக்கறா. ஒரே ஒரு கேள்விதான். வேலி போட்டாச்சா?"

"கேட்டுட்டு வரேன்."

"நீ வந்து போட்டாச்சுன்னு சொன்னா போதும். போட்டோ, சாட்சி ஒண்ணும் வேண்டாம். இந்த சனிக்கிழமையே தங்கட்டும்."

அது ஜூலியன் பெருந்தன்மை இல்லை, அந்தத் தொழிலின் வழக்கம். ஒரு வக்கீல் இன்னொரு வக்கீலிடம் இது இப்படித்தான் என்று சொன்னால் மற்றவர் அதற்கு ஆதாரம் கேட்க மாட்டார். கேட்பது அவமரியாதை. அந்த வாக்கை வைத்துத்தான் தாழ்வாரம் ஓடுகிறது. ஒரு தடவை அதில் பொய் சொன்னவர்களோடு பிறகு யாரும் தாழ்வாரத்தில் நிற்கவே மாட்டார்கள்.

ஜன்னல் இல்லாத சின்ன அறையில் நெவில் பிளாஸ்க் டீயைக் கோப்பையில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தான்.

"நல்ல செய்தி" என்றாள் பிரிஜெட். "வேலி போட்டாச்சுன்னா அவங்க ஒத்துக்கறாங்க. போட்டாச்சா?"

"போட்டாச்சு."

குடும்ப வழக்கு மட்டுமே பார்க்கிற வக்கீலாக இருந்தால் அந்த நிமிஷமே எழுந்து வெளியே போயிருப்பாள். பிரிஜெட்டுக்கு அந்த இன்னொரு கடை இருந்ததே, அது விடவில்லை.

"கம்பத்துக்கு என்ன மரம்?"

"லார்ச்."

"கேட் கொக்கி குழந்தைக்கு எட்டுமா?"

"எட்டாது. மேல வச்சிருக்கேன்."

"குழி தோண்டும்போது பாறை தட்டுச்சா?"

நெவில் கோப்பையைப் பார்த்தான். அந்த மலையடிவாரத்தில் இரண்டடிக்குக் கீழே எங்கே தோண்டினாலும் பாறை. வேலிக்குக் குழி தோண்டினவன் எவனாக இருந்தாலும் அதைச் சொல்லிப் புலம்பாமல் இருக்க மாட்டான். கேட்டால் போதும், கடப்பாரை வளைந்ததிலிருந்து முதுகு பிடித்துக்கொண்டது வரைக்கும் சொல்லி முடித்துவிட்டுத்தான் விடுவான்.

"நெவில்" என்றாள். முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"மரம் எல்லாம் கொட்டகையில இருக்கு" என்றான். "கன்னு போடற சீசன். ஒரு மாட்டுக்கு அடுத்து ஒரு மாடு, தூங்கவே இல்ல. இன்னைக்குச் செவ்வாய்தானே. அவ வர்றது சனிக்கிழமை. நாளைக்கு..." அந்த வார்த்தையை வாயிலேயே நிறுத்திக்கொண்டான்.

கேட்காமலே இருந்திருக்கலாம் என்று பிரிஜெட்டுக்கு ஒரு நொடி தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு வெட்கமாகவும் இருந்தது.

"நான் வெளிய போய் போட்டாச்சுன்னு சொல்ல முடியாது."

"சனிக்கிழமைக்குள்ள அது உண்மை ஆயிடும் மேடம்."

"ஆகற வரைக்கும் பொய்தானே."

"அன்னைக்கு அரசாங்கம் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னீங்க. இன்னைக்கு நான் சொல்லிக் கொடுக்கறதைச் சொல்லுங்க. அதுக்குத்தானே வந்திருக்கீங்க? உங்க கிளார்க்கு டாக்சி கதை சொன்னாரு. ஏறினவன் சொல்ற இடத்துக்கு வண்டி போகணும்ல?"

"போகும். ஆள் மேல ஏத்தச் சொன்னா ஏத்தாது. நீங்க சொல்றது பொய்னு எனக்குத் தெரியாதவரைக்கும் உங்க வார்த்தையை அப்படியே கொண்டு போவேன். தெரிஞ்சுட்டா முடியாது."

"தெரியாத மாதிரி இருங்க. யாரு உங்களைப் பாறையைப் பத்திக் கேக்கச் சொன்னா?"

பிரிஜெட் கையிலிருந்த காகிதக் கட்டை மேஜைமேல் வைத்தாள்.

"இப்ப ரெண்டு வழி இருக்கு" என்றாள். "நான் விலகிக்கலாம். உள்ள போய் நீதிபதிகிட்ட, தொழில்முறையில எனக்குச் சங்கடம் வந்துடுச்சு, விலகிக்கறேன்னு ஒரு வரி சொல்வேன். காரணம் சொல்ல மாட்டேன். அவங்களும் கேக்க மாட்டாங்க."

"அப்ப அதைச் சொல்லுங்க. நான் வேற வக்கீலைப் பாத்துக்கறேன்."

"அந்த ஒரு வரிக்கு அர்த்தம் என்னன்னு உள்ள இருக்கற எல்லாருக்கும் தெரியும். ஆளு பொய் சொல்லச் சொன்னான்னு அர்த்தம். ஜூலியன் அடுத்த நிமிஷமே வேலியைப் பாக்க ஆள் அனுப்புவாரு."

நெவில் கோப்பையைத் தள்ளி வைத்தான். காது மடல் சிவந்து போயிருந்தது.

"ரெண்டாவது?"

"உள்ளதைச் சொல்றது. வேலி இன்னும் போடலன்னு."

"சொன்னா எல்சி வர மாட்டா."

"இந்த சனிக்கிழமை வர மாட்டா. அது நிச்சயம். அதுக்கப்புறம் என்னன்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாது."

பிளாஸ்க் மூடியைத் திருகினான், பிறகு கழற்றினான், மறுபடி திருகினான். "சொல்லித் தொலைங்க" என்றான்.

பிரிஜெட் சொன்னாள். ஜூலியன் முகத்தைச் சுளித்தான், வேறொன்றும் கேட்கவில்லை. ஆனால் அறைக் கதவு சாத்தியிருந்தும் கெர்ரியின் குரல் தாழ்வாரத்துக்குக் கேட்டது. "பாத்தீங்களா? பத்து வருஷம் இந்த ஆளோட குடும்பம் நடத்தினவ நான். வீட்டுல குழாய் ஒழுகினா அடுத்த வருஷம்தான் அடைப்பான்." விசாரணை அறையில் நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வேலி போட்டு அதிகாரி வந்து பார்க்கும்வரை இரவு தங்கல் கிடையாது என்றார். அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அதுவரை பகலிலும் பண்ணைக்கு வர வேண்டாம், நெவில் நகரத்துக்கு வந்து கெர்ரியின் தங்கை வீட்டில் பார்க்கட்டும் என்று உத்தரவு போட்டார். அடுத்த விசாரணை ஆறு வாரம் கழித்து.

கேட்க வந்ததும் கிடைக்கவில்லை, இருந்ததும் போய்விட்டது. கார் நிறுத்தும் இடத்தில் நெவில் அவள் பக்கம் திரும்பினான்.

"அன்னைக்கு என் நல்ல பேரைப் பறிச்சீங்க. இன்னைக்கு என் பொண்ணைப் பறிச்சுட்டீங்க. இதுக்கு அந்த மூக்கு நோண்டி எவ்வளவோ தேவலை."

அவன் வண்டி போனபிறகும் பிரிஜெட் நின்றுகொண்டிருந்தாள். செய்தது சரி என்று அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. அது ஒரு துளியும் ஆறுதலாக இல்லை. மறுநாள் ஒரு சாசேஜ் தொழிற்சாலையின் குளிர்பதன அறை எத்தனை நாள் வேலை செய்யவில்லை என்று நாள் முழுக்கக் குறுக்கு விசாரணை செய்தாள். நன்றாகவே செய்தாள், ஜெயித்தாள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடப் பிடிக்காமல் படுத்துவிட்டாள்.

ஆறு வாரம் கழிந்தது. நெவில் வேறு வக்கீல் பார்த்துக்கொள்வான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கீத் வந்து, "மிஸ், மெட்காஃப் கேஸ் உங்க பேர்லயேதான் இருக்கு. ஆள் மாத்தச் சொல்லல" என்றார்.

அன்று ஏப்ரல் வெயில். நெவில் முன்னாலேயே வந்து அதே ஜன்னலில்லா அறையில் உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. பிரிஜெட் தாழ்வாரத்துக்குப் போனபோது ஜூலியன் சந்தோஷமாக இருந்தான்.

"அதிகாரி போய்ப் பாத்துட்டாங்க. உங்க ஆளு வேலியா போட்டிருக்கான், கோட்டை கட்டியிருக்கான். யானை வந்து முட்டினாலும் அசையாதாம். கெர்ரிக்கு ஆட்சேபணை இல்ல. சனிக்கிழமையிலேர்ந்து தங்கட்டும். உள்ள போய் ரெண்டு நிமிஷத்துல முடிச்சுட்டு நான் சாப்பிடப் போறேன்."

பிரிஜெட் அறைக்குள் வந்து சொன்னாள். நெவில் தலையாட்டினான். சிரிக்கவில்லை.

"என்ன ஆச்சு?"

"பாறை தட்டுச்சு" என்றான். "எல்லாக் குழியிலயும்."

அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு இங்கேர்ந்து போனேன்ல, கோவத்துல வேலியைத் தொடல. யாருக்கு வேலி, அவதான் வரப் போறதில்லையேன்னு இருந்துட்டேன். சனிக்கிழமை வழக்கமா எல்சி வர்ற நேரத்துக்குத் தீவனம் கொண்டு வர்ற லாரி வந்துச்சு. மோஸ் வீட்டு வாசல்ல படுத்திருந்தான். வண்டிச் சத்தம் கேட்டதும் எல்சின்னு நினைச்சு எழுந்து ஓடினான். எப்பவும் சுத்திக்கிட்டுத்தான் போவான், அவனுக்கு அந்த இடம் தெரியும். அவளைப் பாக்கற அவசரம், அன்னைக்குக் குட்டைக்குக் குறுக்கால ஓடிட்டான். ஏடு தாங்கல."

பிரிஜெட் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"கழியை நீட்டினேன். கயிறு போட்டேன். லாரிக்காரன் என்னை இடுப்போட பிடிச்சுக்கிட்டான், இல்லன்னா நானும் போயிருப்பேன். தலை கொஞ்ச நேரம் மேல இருந்துச்சு. என்னையே பாத்துச்சு." நிறுத்தினான். "ஞாயித்துக்கிழமை விடியும்போது முதல் குழியைத் தோண்ட ஆரம்பிச்சேன். நீங்க அன்னைக்கு நான் சொன்னதைச் சொல்லியிருந்தா, அந்த நேரத்துல வந்து இறங்கினது எல்சியா இருந்திருப்பா. அவன் முங்கறதைப் பாத்து அவளும் ஏட்டு மேல ஓடியிருப்பா. அவன் எங்க போனாலும் பின்னாடியே ஓடறவ."

பிரிஜெட் கையை மேஜைக்குக் கீழே இறக்கிக்கொண்டாள்.

"எல்சிக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஒவ்வொரு வாரமும் அவ சித்தி வீட்டுக்குப் போனா முதல் கேள்வி மோஸ் எப்படி இருக்கான்னுதான். மாடு ஓட்டிக்கிட்டு இருக்கான், தூங்கறான்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். அடுத்த வாரம் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம்னு." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வேலி போட்டுட்டேன் மேடம். இதைத்தான் சொல்ல முடியல."

வக்கீலாக அவள் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது, சொன்னாள். "இன்னைக்கு இதை நீங்க சொல்லணும்னு கட்டாயம் இல்ல. நீதிபதி கேக்கறது வேலியை. வேலி இருக்கு. நான் போட்டாச்சுன்னு சொன்னா அது உண்மை. அன்னைக்கு மாதிரி இல்ல. இதைச் சொன்னீங்கன்னா கெர்ரி மனசு மாறிடலாம். ராத்திரி தங்கல் போனாலும் போகும். அதையும் தெரிஞ்சுக்கங்க."

"சொல்லாம விட்டா?"

"சனிக்கிழமை எல்சி வருவா. வந்ததும் நாயைக் கூப்பிடுவா."

நெவில் எழுந்தான். பிரிஜெட் கூடவே எழுந்தாள். "நான் ஜூலியன்கிட்ட பக்குவமா..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள் அவன் கதவைத் திறந்து தாழ்வாரத்துக்குப் போய்விட்டான். கெர்ரி எதிர்ச் சுவரோரம் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். ஜூலியன் அவசரமாக நடுவில் வரப் பார்த்தான். பிரிஜெட் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். இத்தனை வருஷத் தொழிலில் அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

நெவில் நின்றபடியே சொன்னான். அறையில் சொன்ன அதே வார்த்தைகளில், லாரி வந்தது, மோஸ் ஓடியது, ஏடு தாங்காதது, எதையும் விடாமல் சொன்னான். வேலி அதற்கு மறுநாள்தான் போட ஆரம்பித்தேன் என்பதையும் சொன்னான். கெர்ரியின் கைப்பை மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது, அவள் எடுக்கவில்லை. வக்கீல்கள் இருவரும் வேலை இல்லாத ஆட்கள் போலச் சுவரோரம் நின்றார்கள்.

"எல்சி ஓடியிருப்பா" என்றாள் கெர்ரி.

"ஆமா."

"நீ அன்னைக்கு வேலி போடலன்னு சொல்லாம இருந்திருந்தா, நான் சரின்னு அனுப்பியிருப்பேன்."

"சொல்லக் கூடாதுன்னுதான் பாத்தேன். போட்டாச்சுன்னு சொல்லுங்கன்னுதான் இவங்ககிட்ட சொன்னேன். இவங்க மாட்டேன்னுட்டாங்க."

சொல்ல வேண்டாத அந்த ஒன்றையும் அவன் சொல்லிவிட்டான். பிரிஜெட் கண்ணை மூடிக்கொண்டாள். கெர்ரி அவளைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு நெவிலைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். அடிக்கத்தான் போகிறாள் என்று ஜூலியன் நினைத்தான், பிறகு பிரிஜெட்டிடம் அதைச் சொன்னான்.

"மோஸை எங்க வச்சிருக்கே?"

"ஆப்பிள் மரத்துக்கிட்ட. எடுத்துக் கழுவித்தான் புதைச்சேன்."

நீதிமன்றப் பணியாள் கதவைத் திறந்து மெட்காஃப் வழக்கு என்று கூப்பிட்டார். யாரும் அசையவில்லை. ஒரு நிமிஷம் என்று பிரிஜெட் அவருக்குச் சைகை காட்டினாள்.

"சனிக்கிழமை தங்கட்டும்" என்றாள் கெர்ரி. குரல் கரகரவென்று இருந்தது. "ஆனா நீ பால் கறக்கப் போகும்போது அவளையும் எழுப்பிக் கூடவே கூட்டிட்டுப் போகணும். தூக்கக் கலக்கத்துல அழுதாலும் தூக்கிட்டுப் போகணும். தனியா விடக் கூடாது. இதை அந்த ஆர்டர்ல எழுதச் சொல்லுங்க."

ஜூலியன் எழுதிக்கொண்டான்.

கெர்ரி குனிந்து கைப்பையை எடுத்தாள். "அவகிட்ட யாரு சொல்றது?"

"நான்."

"எப்போ?"

நெவில் வாயைத் திறந்தான். என்ன வார்த்தை வரப் போகிறது என்று அந்தத் தாழ்வாரத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும். அதை அவனுக்குப் பெயராகவே வைத்தவளும் அங்கேதான் நின்றாள்.

"இன்னைக்கு" என்றான். "ஸ்கூல் விட்டதும்."

"சரி. ஸ்கூல் கேட் பக்கத்துல வந்து நில்லு" என்றாள் கெர்ரி. "நானும் நிக்கறேன்."